வெறும் வயல்தானே டீச்சர் என்று கேட்ட பிள்ளைகளுக்கு

 

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். அறுவடை முடிந்த வயல், தாள் மட்டும் நிற்கிறது. நடுவில் தனியாக ஒரு சின்ன தேவாலயம். மேலே மழை மேகம். "செம்ப்ரிங்ஹாம், இங்கிலாந்து" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே வந்த இரண்டு பின்னூட்டம்தான் இன்றைக்கு என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது.

ஒன்று, 94-ஆம் வருடம் எட்டாம் வகுப்பு முடித்த பையன் எழுதியது. "டீச்சர், அரண்மனை, பாலம், மணிக்கூண்டு எல்லாம் விட்டுட்டு வெறும் வயலைப் போட்டிருக்கீங்களே. நம்ம ஊர்ல இல்லாத வயலா?" இரண்டாவது, என் தங்கை மகன். "பெரியம்மா, வெள்ளைக்காரன் வயலைக்கூட எப்படி வெச்சிருக்கான் பாருங்க. நாம கோயிலையே வெச்சுக்கத் தெரியாத கூட்டம்." இதற்கு நிறைய பேர் கைதட்டியிருந்தீர்கள். என் வகுப்பில் படித்தவர்களும் அதில் இருந்தீர்கள்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். கட்டை விரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போடும் உரிமை இப்போது உங்களுக்கு.

மகள் பீட்டர்பரோவில் இருக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஹென்றி ராஜா பாடம் நடந்தது. ஆறு கல்யாணம் பண்ணிய கதையை மனப்பாடமாகச் சொன்னாள். "சரி கண்ணு, மடங்களை எல்லாம் மூடினாரே, அந்த நிலமெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "தெரியலை அம்மாச்சி, அது பரீட்சைக்கு இல்ல" என்றாள். நான் 34 வருடம் கேட்ட பதில்! ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்து தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் செம்ப்ரிங்ஹாம். "அத்தை, அங்க ஒண்ணுமே இல்லையாம், வெறும் காடுதான்" என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூட்டிப்போனார். போர்ன் என்கிற சிற்றூரைத் தாண்டி வடக்கே போக வேண்டும். லிங்கன்ஷயர் மாவட்டம். ஒரு பக்கம் மெல்ல ஏறும் மேடு, மறுபக்கம் கடல் வரைக்கும் போகிற, வாய்க்கால் வெட்டி வடித்த சதுப்பு நிலம். தட்டையென்றால் அப்படி ஒரு தட்டை.

சாலையிலிருந்து ஒரு வண்டித்தடம் பிரிந்து வயலுக்குள் போகிறது. அதன் கடைசியில் அந்தத் தேவாலயம். ஊர் இல்லாத தேவாலயம். ஒரு காலத்தில் சுற்றி ஊர் இருந்தது, அதுவும் அழிந்துவிட்டது. அதற்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில், நிலத்துக்கு அடியில், ஒரு பெரிய மடம் படுத்திருக்கிறது. மேலே ஒரு கல் கிடையாது.

முதலில் அந்த மடத்தைத் தொடங்கியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் நம்ம ஜாதி. வாத்தியார்.

பெயர் கில்பர்ட். 1083 வாக்கில் அதே ஊரில் பிறந்தவர். அப்பா நார்மன் படைவீரர், நிலபுலம் உள்ளவர். பிள்ளைக்கு உடலில் ஊனம். குதிரையேறி வாள் சுற்ற முடியாது. வீட்டில் அவ்வளவாக மதிக்கவில்லை என்கிறார்கள். பிரான்சுக்குப் போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பியவர் என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூடம் வைத்தார். பையன்களுக்கு மட்டுமல்லாமல் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கும். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தி! இந்த இடத்தைப் படித்தபோது நூலகத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

1131-இல் அந்த ஊர்ப் பெண்கள் ஏழு பேர் துறவு வாழ வேண்டும் என்று கேட்க, தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி அவர்களுக்கு ஓர் இருப்பிடம் கட்டிக்கொடுத்தார். பூட்டிய வாசல். சாமான் கொடுக்க வாங்க ஒரு ஜன்னல். வெளிவேலைக்கு வேலைக்காரப் பெண்கள், வயல் வேலைக்கு எழுத்தறியாத சகோதரர்கள், பிறகு வழிபாடு நடத்தப் பாதிரிமார் என்று வரிசையாகச் சேர்ந்தது. 1147-இல் சிஸ்டர்சியன் துறவிகளிடம் போய், இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். பெண்கள் இருக்கிற அமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் தானே நடத்தினார். இங்கிலாந்து மண்ணிலேயே முளைத்த துறவியர் சபை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கடல் தாண்டி வந்தவை. கில்பர்ட் நூறு வயதைத் தாண்டி 1189-இல் இறந்தார். 1202-இல் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

ஒரே மடத்தில் ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்தால் ஊர் பேசும் இல்லையா? அதற்குச் சுவர் எழுப்பினார்கள். வசிக்கும் இடம் தனித்தனி என்பது மட்டுமில்லை, பெரிய தேவாலயத்தின் உள்ளேயே நீளவாக்கில் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் பாதிரிமார், அந்தப் பக்கம் கன்னியர். ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்கும், முகம் தெரியாது. சாப்பாடு போவதுகூடச் சுழலும் பெட்டி வழியாக, கொடுக்கும் கையும் வாங்கும் கையும் பார்த்துக்கொள்ளாதபடி.

இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1282-க்கு வாருங்கள். கில்பர்ட் இறந்து தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேற்கே வேல்ஸ் நாடு. அதன் இளவரசர் லவெலின். அவர் மனைவி எலினோர், சாதாரண வீட்டுப் பெண் இல்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுக்குச் சொந்த அத்தை மகள். கல்யாணத்துக்காகக் கப்பலில் வந்தவரையே எட்வர்டு ஆட்கள் கடலில் மடக்கிப் பிடித்து, மூன்று வருடம் வைத்திருந்துதான் விட்டார்கள். 1278-இல் திருமணம். 1282 ஜூனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்திலேயே தாய் போய்ச் சேர்ந்தாள். அதே வருடம் டிசம்பர் 11-ஆம் தேதி தகப்பன் சண்டையில் கொல்லப்பட்டார். தலையை லண்டனுக்குக் கொண்டுபோய் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். மறு வருடம் சித்தப்பா தாவித் பிடிபட்டு, சொல்லக் கூசுகிற விதத்தில் கொல்லப்பட்டார். அவருடைய இரண்டு பையன்களையும் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார்கள். ஆயுளுக்கும் வெளியே விடவில்லை.

மிச்சம் இருந்தது தொட்டில் குழந்தை. பெயர் க்வென்லியன்.

எட்வர்டு அந்தக் குழந்தையைக் கொல்லவில்லை. லிங்கன்ஷயரின் செம்ப்ரிங்ஹாம் மடத்துக்கு அனுப்பினார். பிறந்து ஒன்றரை வருடம்கூட நிரம்பியிருக்காது. அன்றிலிருந்து 1337 ஜூன் 7 அன்று இறக்கும்வரை, 53 வருடத்துக்கு மேல், அவள் அந்தச் சுவருக்குள்ளேயே இருந்தாள். மூன்று எட்வர்டுகள் ஆண்டார்கள். மூன்றாவது எட்வர்டு வருடத்துக்கு 20 பவுண்டு செலவுக்குக் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது கௌரவமான தொகைதான்.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். அவள் வெளியே வளர்ந்தால் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால் பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையைக் காட்டி வேல்ஸ் மக்கள் மறுபடி எழுந்து நிற்பார்கள். 1301-இல் எட்வர்டு, "வேல்ஸ் இளவரசர்" என்ற அவளுடைய அப்பாவின் பட்டத்தைத் தன் மகனுக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பட்டம் இங்கிலாந்து அரசரின் மூத்த மகனுக்குத்தான்.

எட்வர்டுக்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து நியாயப்படி அது இரக்கம்தானே, உயிரை விட்டாரே, பசியில்லாமல் வைத்தாரே என்று. மாப்பிள்ளையும் காரில் இதைத்தான் சொன்னார். "அத்தை, அவர் நெனச்சிருந்தா குழந்தையை..." என்று ஆரம்பித்து, பின்னால் பேத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அது ஒப்பவில்லை. அதே சமயம் மடமே கொடுமை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1131-இல் அந்த ஏழு பெண்கள் தாங்களே கேட்டு உள்ளே போனார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு, பிடிக்காத கல்யாணத்திலிருந்தும் வருடாவருடம் பிரசவத்திலிருந்தும் தப்பிக்க அது ஒரு வழி. அவர்களுக்கு அந்தச் சுவர் வேலி. அதே சுவர் க்வென்லியனுக்குச் சிறை. கல்லும் சுண்ணாம்பும் ஒன்றுதான். கேட்டுப் போனாளா, கேட்காமல் போட்டார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தை என்ன கேட்டிருக்கும்?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அவளுக்கு வெல்ஷ் மொழி பேசச் சுற்றி யாரும் இல்லை. தன் தாய்மொழியில் ஒரு தாலாட்டுகூட நினைவிருந்திருக்காது. அவள் பெயரையே அங்கிருந்தவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆவணங்களில் ஏதேதோ எழுத்துக்கூட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் நடுவில் வருகிற ஒலி ஆங்கிலத்தில் இல்லை. நாக்கை 'ல' சொல்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். நம்ம 'ழ' மாதிரி, பிறந்த வீட்டில் கேட்டு வளர்ந்தால்தான் வரும்.

பெயரைப் பிழையாக எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வருகைப்பதிவேட்டில் நான் எத்தனை பெயரைக் குதறியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வருகிற அம்மா ஒரு பெயர் சொல்வார், நாங்கள் கேட்டது ஒன்று, எழுதினது ஒன்று. பிறந்த தேதி தெரியாது என்றால் ஜூன் மாதம் ஏதோ ஒரு தேதி. உங்களில் பாதிப்பேர் ஜூன் மாதம் பிறந்தது அப்படித்தான்! அந்த எழுத்துதான் பிற்பாடு ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்காக ஒருத்தன் நீதிமன்றம் வரை அலைந்தான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரை யாரிடமும் எழுதிச் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம். கணக்கில் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். பெரிய மனுஷி ஆனதும் நின்றுவிட்டாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். மோர் கொடுத்தார்கள். "காலம் கெட்டுக் கெடக்கு டீச்சர். அவ ஆச்சி வீட்டுக்கு அனுப்பிட்டோம். பத்திரமா இருக்கா" என்றார் அவள் அம்மா. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? படிப்பு முக்கியம், திருப்பிக் கூட்டி வாருங்கள் என்று சண்டை போட்டிருக்க வேண்டும். மறுநாளும் போயிருக்க வேண்டும். எனக்கும் அப்போது வயது முப்பதுக்குள்தான், ஊர்க்காரர்களைப் பகைக்க பயம். "பத்திரமா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மாதக் கடைசியில் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

இருபது வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் வந்து காலைத் தொட்டாள். முகம் அடையாளம் தெரியவில்லை, கண் தெரிந்தது. கோபமாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "டீச்சர், அன்னைக்கு நீங்க திண்ணையில உக்காந்திருந்தப்ப நான் ஆச்சி வீட்டுக்குப் போகலை. உள் ரூம்லதான் இருந்தேன். நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

செம்ப்ரிங்ஹாம் சுவரைப் பற்றி நூலகத்தில் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு என்னைக் கூட்டிப் போ என்று மாப்பிள்ளையை நச்சரித்தேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று யாராவது ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், யாருடைய பத்திரத்துக்காக என்று கேளுங்கள். எட்வர்டு தன் சிம்மாசனத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார். அந்த வீட்டில் குடும்ப மானத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். நான் என் வேலையை. இதைப் படிக்கிற என் மாணவர்களில் பலருக்கு இப்போது பதினான்கு, பதினைந்து வயதில் மகள்கள் இருக்கிறார்கள். உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனாலும் டீச்சர் சொல்லிவிட வேண்டும் இல்லையா? விடுதியில் சேர்க்க பயம், வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப பயம் என்று போன வருடம்கூட இரண்டு பேர் எனக்குப் போன் பண்ணினீர்கள். பயம் நியாயமானதுதான். அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டதும் ஒருத்தர் பேச்சை மாற்றினார். அவருக்குத் தெரியும், அவரைத்தான் சொல்கிறேன் என்று.

இனி தங்கை மகனுக்கு. தம்பி, வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் பாதுகாத்தான் என்றாயே, அந்த வயல் எப்படி வயலானது என்று கேள்.

எட்டாம் ஹென்றி 1534-இல் தன்னையே திருச்சபைத் தலைவராக்கிக்கொண்டார். அடுத்த வருடம் நாடு முழுக்க மடங்களின் சொத்தைக் கணக்கெடுத்தார்கள். 1536-இல், வருட வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களை மூடச் சட்டம். பிறகு பெரியவை. 1540-க்குள் 800-க்கும் மேற்பட்ட மடங்கள் காலி. செம்ப்ரிங்ஹாம் 1538-இல் போனது. பாதுகாப்பா செய்தார்கள்? மடங்களின் கூரையில் இருந்த ஈயத்தை உருக்கி எடுத்தார்கள். கூரை போனால் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மணிகளை விற்றார்கள். கல்லை வண்டி வண்டியாக ஏற்றினார்கள். செம்ப்ரிங்ஹாமை வாங்கிய கிளிண்டன் பிரபு மடத்துக் கல்லை வைத்தே அங்கே ஒரு மாளிகை எழுப்பினார். அந்த மாளிகையும் இன்றைக்கு இல்லை! அதன் கல்லும் எங்கெங்கோ போய்விட்டது. தேவாலயம் மட்டும் தப்பியது எப்படி என்றால், அது ஊராருக்கான கோயில், மடத்துச் சொத்தில் சேரவில்லை.

துறவிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கொஞ்சம். மடமும் கிடையாது, ஆனால் எடுத்த சபதம் செல்லும், கல்யாணம் செய்யக்கூடாது என்று 1539-இல் சட்டம் வேறு. அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், யார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் காலம் தள்ளினார்கள் என்று யோசித்தால் தூக்கம் வராது.

அந்தச் சபையின் கடைசித் தலைவர் ராபர்ட் ஹோல்கேட். அரசர் பக்கம் நின்றவர். மடங்களை ஒப்படைத்தார், பதவிமேல் பதவி வந்தது, 1545-இல் யார்க் பேராயர் ஆனார். இவரைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால், மறு வருடமே மூன்று ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறார். அதில் யார்க் நகரப் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. வாத்தியாரில் தொடங்கிய சபை, பள்ளிக்கூடம் வைத்த ஆளோடு முடிந்தது. அந்த மனிதரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அதற்குப் பிறகு நானூறு வருடம் அந்த இடத்தை ஊர் உலகம் அநேகமாக மறந்தே போனது. ரோஸ் கிரஹாம் என்கிற வரலாற்று ஆய்வாளர், ஒரு பெண், 1901-இல் கில்பர்ட்டைப் பற்றியும் அவர் சபையைப் பற்றியும் புத்தகம் எழுதினார். 1938, 39-இல் அவரும் ஹ்யூ ப்ரவுன் என்பவரும் சேர்ந்து அங்கே தோண்டிப் பார்த்தார்கள். 300 அடிக்கு மேல் நீளமான தேவாலயத்தின் அடித்தளம் மண்ணுக்குள் இருந்தது. க்வென்லியனுக்கு வழியோரத்தில் ஒரு நினைவுக்கல் வந்தது 1990-களில்தான். 1337-இல் செத்தவளுக்கு! அதையும் சாதாரண மக்கள்தான் முயன்று வைத்தார்கள். அந்தக் கல்லை யாரோ உடைத்துப்போட, 2001-இல் புதுக்கல் நட்டார்கள். வேல்ஸ் மலையில் ஒரு சிகரத்துக்கு 2009-இல் அவள் பெயரை வைத்தார்கள். ஆகவே தம்பி, அவர்களும் உடைத்தவர்கள்தான், விற்றவர்கள்தான், மறந்தவர்கள்தான். பிறகு சில பேர் வெட்கப்பட்டு, மனுப்போட்டு, அலைந்து, காசு சேர்த்துச் செய்தார்கள். அந்தச் சில பேர் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். நீ ஒருவனாக இருக்கலாம், எழுதிக் கைதட்டு வாங்குவதை விட்டுவிட்டு.

94-ஆம் வருடத்துப் பையன் கேட்டதற்கு வருகிறேன். வெறும் வயல்தானே என்றாய். எட்டாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் இருக்கிறதா? மண்ணுக்கு அடியில் கல்சுவர் இருந்தால் வேர் ஆழமாகப் போகாது, ஈரமும் தங்காது. வறண்ட கோடையில் அந்தச் சுவருக்கு நேர் மேலே பயிர் குட்டையாக, சீக்கிரமே மஞ்சளாகிவிடும். பழைய பள்ளமோ வாய்க்காலோ தூர்ந்து கிடந்தால் அங்கே மண் கனம், ஈரம் அதிகம், பயிர் செழித்துப் பச்சையாக நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் வரைபடம் போலத் தெரியும். இப்படிப்பட்ட கோடுகளை வைத்து இங்கிலாந்தில் எத்தனையோ மடங்களையும் அழிந்த ஊர்களையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இடித்தவன் எல்லாவற்றையும் கொண்டுபோனான், சுவர் இருந்த இடத்தைக் கொண்டுபோக முடியவில்லை.

அங்கே ஒரு அருங்காட்சியகம் கட்டணும், சுவரைத் திருப்பி எழுப்பிக் காட்டணும், ஒரு டீக்கடையாவது வேண்டும் என்றார் மாப்பிள்ளை. டீக்கடைக்கு நானும் ஓட்டுப்போடுவேன், காற்று அப்படி அடித்தது. மற்றபடி நான் மறுக்கிறேன். அது வயலாகவே இருக்கட்டும். மடம் இருந்த காலத்திலேயே அது விவசாய நிலம்தான். எழுத்தறியாத சகோதரர்கள்தான் உழுதார்கள், ஆடு மேய்த்தார்கள். கில்பர்ட் மடங்களின் கம்பளி இத்தாலி வரை போனது. அந்த வேலைக்காரர்கள் சாப்பாடு போதவில்லை, வேலை தாளவில்லை என்று போப்பாண்டவர் வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள், வயதான கில்பர்ட் ஆடிப்போனார். அந்தக் கதையைத் தனியாக ஒரு நாள் சொல்கிறேன். ஒரு நிலம் எப்போதும் செய்த வேலையைச் செய்துகொண்டிருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: ஆழமாக உழக்கூடாது. இப்போதைய பெரிய கலப்பைகள் இறங்கினால் அடித்தளமே பெயர்ந்துவிடும். மேலாக உழுதாலோ புல் விட்டு ஆடு மேய்த்தாலோ உள்ளே இருப்பது இன்னும் ஆயிரம் வருடம் தூங்கும். தோண்டிக் காட்டினால் பத்து மழைக்காலத்தில் உதிரத் தொடங்கும்.

அவளை அங்கேதான் எங்கோ புதைத்திருப்பார்கள். உள்ளே இருந்தபோதும் கேட்காமல் வைத்தார்கள், இனியும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

நினைவுக்கல்லில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், காய்ந்திருந்தது. பேத்தி பெயரைப் படித்தாள். ஆங்கிலப் படிப்புப் பிள்ளை, ஆங்கிலமாகவே படித்தாள். மாப்பிள்ளை போனில் அந்தப் பெயரை வெல்ஷ்காரர் ஒருவர் சொல்கிற ஒலியைத் தேடிப் போட்டார். மூன்று பேரும் அந்தக் காற்றில் நின்றுகொண்டு ஊதிப் பார்த்தோம். எனக்குப் பல்செட் ஒத்துழைக்கவில்லை. அவருக்கும் வரவில்லை. பேத்திக்கு ஏழாவது எட்டாவது தடவை வந்துவிட்டது. இவளுக்கு 'ழ' இன்னும் வராது, 'வாளைப்பளம்' என்கிறாள், இது எப்படி வந்தது என்று தெரியவில்லை. திரும்பும்போது காரில் முழுக்க அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அம்மாச்சி, அவங்களுக்கு யாராவது இப்பிடிச் சரியாக் கூப்பிட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். வேல்ஸிலிருந்து தூக்கி வந்த செவிலித்தாய் யாராவது இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள் என்று சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் கூடுகிற அன்றைக்கு என்னிடம் இருக்கிற பெயர்ப்பட்டியல் நோட்டைக் கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். உங்கள் பெயரை நான் பிழையாக எழுதியிருந்தால் பின்னூட்டத்தில் சரியான எழுத்தைப் போடுங்கள், திருத்திக்கொள்கிறேன். கணக்கில் கெட்டிக்காரியான அந்தப் பெண்ணின் எண் யாரிடமாவது இருந்தால், பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மீதி பிறகு.